7.1-ஆ, 5.1.2-ஆ? வியாழக்கிழமை பூச்சு ஆரம்பம், அதற்குள் சொல்லுங்கள்

மாடிவீட்டுக்காரன் · ஞாயிறு, காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் வீட்டுக்கு மேலே மாடி எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதில் ஓர் அறையைப் படம் பார்க்க என்று ஒதுக்கியாயிற்று (வீட்டம்மா கொடுத்த அனுமதி வாய்மொழிதான், எழுத்தில் இல்லை). அறை 11-க்கு 15 அடி, உயரம் 10 அடி. கான்கிரீட் போட்டு முடிந்துவிட்டது. வியாழன் அன்று உள்பூச்சு ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் எந்தச் சுவரில் காடி வெட்டுவது, எங்கே பைப் விடுவது என்று எலக்ட்ரீஷியன் தினமும் கேட்கிறார்.

டிவி 65 அங்குலம், 11 அடிச் சுவரில். சோபா எதிர்ச் சுவரை ஒட்டி. ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிற பெட்டி), ஸ்பீக்கர், சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெட்டி, சுருக்கமாகச் சப்) எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் வரை போகலாம். கடையில் கேட்டால், "7.1 போடுங்க சார், அதுதான் முழு தியேட்டர்" என்கிறார்கள். சித்தப்பா மகன், "இந்தக் காலத்தில் அட்மாஸ் இல்லாமலா? 5.1.2 போடு" என்கிறான் (அட்மாஸ் என்றால் தலைக்கு மேலிருந்தும் ஒலி வருகிற டால்பி முறையாம்). என் மாமனார் கேட்ட ஒரே கேள்வி, "டிடிஎஸ் இருக்கா மாப்பிள்ளை?"

பார்ப்பது ஓடிடியில் தமிழ்ப் படங்கள், கிரிக்கெட், பையனுக்குக் கார்ட்டூன். அப்புறம் நான் பல வருஷமாகச் சேர்த்த பாட்டு டிவிடிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எந்த ஃபார்மட்டை நம்பி வயர் இழுப்பது?


ஈரோடு_மஞ்சள் · ஞாயிறு, காலை 7.48

5.1.2 தானுங்க. இதில் யோசிக்க என்ன இருக்கு ப்ரோ. மேலிருந்து மழை பெய்கிற சீனை ஒரு தடவை கேட்டுவிட்டால் அப்புறம் 7.1 பக்கமே திரும்ப மாட்டீர்கள்.


பித்தளைக்காது · ஞாயிறு, காலை 10.25

அவசரப்படாதீர்கள். நீங்கள் ஒரு கேள்வி கேட்டதாக நினைக்கிறீர்கள். அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

5.1, 7.1, 5.1.2 என்பதெல்லாம் உங்கள் வீட்டுக் கணக்கு. முதல் எண் காது மட்டத்தில் எத்தனை ஸ்பீக்கர், நடு எண் எத்தனை சப், கடைசி எண் தலைக்கு மேலே எத்தனை. டால்பி டிஜிட்டல், ட்ரூஎச்டி, அட்மாஸ், டிடிஎஸ், டிடிஎஸ் எக்ஸ் என்பவை படம் கொண்டுவருகிற கணக்கு. அதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, படம் எதில் வருகிறதோ அதில்தான் வரும். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற நடுத்தர 7 சேனல் ரிசீவர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பிரித்துப் படித்துவிடும். மூன்றாவது, இல்லாததை இருப்பதுபோல விரிப்பது. ஸ்டீரியோவில் வரும் கிரிக்கெட்டை எல்லா ஸ்பீக்கருக்கும் ரிசீவரே பங்கு போட்டுக் கொடுக்கும். அதற்கு டால்பி சரவுண்ட், நியூரல் எக்ஸ் என்று பெயர்கள் இருக்கின்றன.

ஆகவே "எந்த ஃபார்மட்டை நம்புவது" என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சுவரில் பதிக்கப்போவது வயர்தான். அது எந்த ஃபார்மட்டுக்கும் ஒன்றுதான்.

உங்கள் பதிவில் எனக்கு உறுத்துவது வேறு. சோபா எதிர்ச் சுவரை ஒட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 7.1 இந்த நிமிடமே அடிபட்டுவிட்டது. 7.1-இல் பக்கத்து ஸ்பீக்கர் இரண்டும் காதுக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ, 90 முதல் 110 டிகிரியில் (நேர் முன்னால் இருக்கும் டிவி 0 என்றால்) இருக்க வேண்டும். பின் ஸ்பீக்கர் இரண்டும் 135 முதல் 150 டிகிரியில், அதாவது முதுகுக்குப் பின்னால். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் ஏது இடம்? பின் ஸ்பீக்கர் தலையை ஒட்டி வரும், அதன் பக்கத்தில் உட்கார்ந்தவர் படம் முழுக்க அந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். கடைக்காரருக்கு 7.1 என்றால் கூடுதலாக இரண்டு ஸ்பீக்கர் விற்பனை, அவ்வளவுதான்.

இன்னொன்று பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி. 15 அடி நீள அறையில் முதல் அதிர்வு சுமார் 38 ஹெர்ட்ஸில் எழும். 11 அடி அகலத்துக்கு 51 சொச்சம். பின்சுவரை ஒட்டிய இடத்தில் நீளவாக்கில் எழும் அதிர்வுகள் எல்லாமே உச்சத்தில் இருக்கும். சோபா அங்கே இருந்தால் ஒவ்வொரு டிரம் அடியும் "பூம்ம்" என்று இழுத்துக்கொண்டே போகும். எவ்வளவு விலை கொடுத்து சப் வாங்கினாலும் இதே கதை.

சோபாவை முன்னால் இழுக்க முடியுமா? அதைச் சொல்லுங்கள். பிறகு பைப்பைப் பேசலாம்.


திண்டுக்கல்_பூட்டு · ஞாயிறு, பகல் 1.05

தம்பி, நான் இருபது வருஷமாக ஆம்ப் அசெம்பிள் செய்கிறவன். ஒன்றரை லட்சத்தில் பாதி ரிசீவருக்கே போய்விடும். அதற்குப் பதில் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் போட்ட 5.1 ஆம்ப், கூட ஒரு டீகோடர் போர்டு. மிச்சப் பணம் முழுதும் ஸ்பீக்கருக்கு. வீடே அதிரும்.

போர்டு ஏசி3 (டால்பி டிஜிட்டல்தான்), டிடிஎஸ் இரண்டும் படிக்கும். டிவியில் சவுண்ட் அவுட்டை டால்பி டிஜிட்டல் என்று வைத்து ஆப்டிகல் வயரைக் குத்தினால் 5.1 தனித்தனியாக வரும். அட்மாஸ் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலைக்கு மேலே ஹெலிகாப்டர் வருஷத்துக்கு எத்தனை தடவை பறக்கிறது? வசனமும் பாட்டும் முன்னால் இருக்கிற மூன்றில்தான்.


பித்தளைக்காது · ஞாயிறு, பகல் 1.40

பூட்டு அண்ணன் சொல்கிற கடைசி வரிக்கு நான் எழுந்து நின்று கும்பிடுகிறேன். முன்னால் மூன்றும், அதிலும் நடு ஸ்பீக்கரும் உருப்படியாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

ஆனால் அண்ணே, உங்கள் ஆம்பில் தூரக் கணக்கு எங்கே? ஒலி ஓர் அடி போக ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் ஆகிறது. முன் ஸ்பீக்கர் பத்தடியிலும் பக்க ஸ்பீக்கர் ஐந்தடியிலும் இருந்தால் பக்கத்துச் சத்தம் முந்திக்கொண்டு வரும். ரிசீவர் மைக் வைத்து அளந்து, கிட்ட இருப்பதைத் தாமதப்படுத்தும், ஒவ்வொன்றின் அளவையும் சமன் செய்யும், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்புக்குத் திருப்பும். ரிசீவருக்குக் கொடுக்கிற பணத்தில் பெரும் பங்கு இந்த வேலைக்குத்தான். வாட்ஸுக்கு என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.


திண்டுக்கல்_பூட்டு · ஞாயிறு, பகல் 1.52

அளவுக்கு டீகோடர் ரிமோட்டில் தனித்தனி வால்யூம் இருக்கிறது. தாமதம் சில போர்டில் உண்டு, சிலதில் இல்லை. என் காது இருக்கிறது, அது போதும். ஆனாலும் தம்பி முதல்முறை செய்கிறவர் என்றால் ரிசீவரே வாங்கட்டும், நான் தடுக்கவில்லை.


மாடிவீட்டுக்காரன் · ஞாயிறு, இரவு 9.15

சாயங்காலம் மேலே போய்ப் பார்த்தேன். சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, சுண்ணாம்புக் கட்டியால் டிவி இடத்தை வரைந்து, டேப்பால் அளந்து உட்கார்ந்தேன். கொத்தனார் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சோபாவைப் பின்சுவரிலிருந்து மூன்றரை அடி முன்னால் போட முடியும். காது, டிவிச் சுவரிலிருந்து 11 அடியில் வருகிறது. பின்னால் ஆள் நடந்து போக இடமும் கிடைக்கிறது என்பதால் வீட்டில் எதிர்ப்பில்லை. 65 அங்குலம் இப்போதே கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, அதுவும் லாபம்.

இப்போது 7.1 திரும்ப ஆட்டத்துக்குள் வருமா?


லாவா_மிக்ஸ் · ஞாயிறு, இரவு 10.30

நான் சென்னையில் ஒலிக்கலவை செய்கிற அறையில் வேலை பார்க்கிறேன், உதவியாளராக. எங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

பழைய 5.1, 7.1 கலவையில் நாங்கள் ஒரு சத்தத்தை எந்தச் சேனலில் போடுவது என்று முடிவு செய்வோம். "இந்தக் கதவுச் சத்தம் இடது பின்னால்." அவ்வளவுதான். அட்மாஸில் சத்தத்துக்கு இடம் கொடுக்கிறோம். "இந்தப் பறவை இங்கே கிளம்பி, தலைக்கு மேலே போய், அங்கே இறங்குகிறது." எந்த ஸ்பீக்கர் பாட வேண்டும் என்பதைத் தியேட்டரிலோ வீட்டிலோ இருக்கும் பெட்டி, தன்னிடம் இருக்கிற ஸ்பீக்கரை எண்ணிப் பார்த்து முடிவு செய்யும். தியேட்டரில் 128 தடங்கள் வரை, 64 ஸ்பீக்கர் வழிகள் வரை போகலாம். 2012-இல் தியேட்டருக்கு வந்தது, 2014-இல் வீட்டு ரிசீவருக்கு வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது அத்தனை சத்தத்தையும் அப்படியே அனுப்புவதில்லை. அருகருகே இருப்பவற்றைக் கொத்தாகச் சேர்த்து, 12 முதல் 16 கொத்துகளாக்கி அனுப்புகிறோம். ஆகவே வீட்டில் உங்களிடம் 5.1 மட்டும் இருந்தாலும் எந்தச் சத்தமும் காணாமல் போகாது. பறவை தலைக்கு மேலே பறக்காமல் காது மட்டத்தில் பறக்கும். இதை நான் சொல்லக் காரணம், பலர் "அட்மாஸ் படத்தை 5.1-இல் பார்த்தால் பாதி சத்தம் போச்சு" என்று பயப்படுகிறார்கள்.

7.1-ஆ 5.1.2-ஆ என்றால், உங்கள் அறைக்கு என் ஓட்டு 5.1.2. காரணம் எளிது. காதுக்குப் பின்னால் வருவது பக்கத்திலா, முழுக்கப் பின்னாலா என்று பிரித்துச் சொல்வதில் நம் காது அவ்வளவு கெட்டியில்லை. மேலே என்பது புது திசை. 11 அடி அகல அறையில் இன்னும் இரண்டு பின் ஸ்பீக்கர் கொடுப்பதைவிட மேலே இரண்டு கொடுப்பது அதிகம்.


ஈரோடு_மஞ்சள் · ஞாயிறு, இரவு 10.34

காலை 7.48-க்கே சொன்னேனுங்க.


கருங்கல்_சுவர் · திங்கள், காலை 6.50

ஓடிடியில் வருகிற அட்மாஸ் உண்மையான அட்மாஸே இல்லை. நெட்ஃபிளிக்ஸில் உச்சம் நொடிக்கு 768 கிலோபிட். டிஸ்க்கில் ட்ரூஎச்டி துளி இழப்பில்லாமல், அதைவிடப் பல மடங்கு. அந்தத் தண்ணீர்ப் பாலுக்கு மேலே ஸ்பீக்கர் எதற்கு?


லாவா_மிக்ஸ் · திங்கள், காலை 9.20

கருங்கல் சார், வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மேலே எது, கீழே எது என்ற இடக் குறிப்பு இரண்டிலும் வருகிறது. டிவிடியில் நாம் "ஆகா" என்று கேட்ட டால்பி டிஜிட்டல் 448 கிலோபிட்தான். ஓடிடியில் வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் அதைவிடத் திறமையாகச் சுருக்குகிறது. பூசாத சுவர், திரையில்லாத ஜன்னல், வெற்று டைல்ஸ் இருக்கிற அறையில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவருக்கு நான் காபி வாங்கித் தருகிறேன்.

தமிழ்ப் படங்களில் டிஸ்க் வருவதே அரிது. பிறகு எதை வைத்து ஒப்பிடுவது?


பித்தளைக்காது · திங்கள், காலை 11.00

மாமனாரின் கேள்வியை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் நம் ஊர்களில் தியேட்டர் வாசலில் "ஏசி டிடிஎஸ்" என்று போர்டு மாட்டினால்தான் கூட்டம். அந்த இரண்டு வார்த்தையும் ஒன்றாகவே பிறந்தது மாதிரி எங்கள் தெருவில் சொல்வார்கள். அங்கே ஃபிலிமில் நேரக்குறி மட்டும் இருக்கும். சத்தம் தனியாக சிடியில் வரும். 1993-இல் ஆரம்பித்த ஏற்பாடு அது. வீட்டுக்கு வந்த டிடிஎஸ் பெயரில் மட்டும்தான் அதன் உறவு, உள்ளே சுருக்கும் முறையே வேறு.

இன்றைய நிலவரம் இது: ஓடிடியில் டால்பியின் ராஜ்யம். டிடிஎஸ் எக்ஸ் 2015-இல் வந்தது, டிஸ்க்கில் நன்றாகவே இருக்கும், ஓடிடியில் மிகக் குறைவு. ரிசீவரில் இரண்டுமே இருக்கும், ஆகவே தேர்வு செய்ய ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பொறி உண்டு. டிடிஎஸ்ஸை உள்ளே விடாத டிவிகள் நிறைய இருக்கின்றன. என் டிவி அப்படிப்பட்டது. பெயர் வேண்டாம். டிவிடி பிளேயரை டிவியில் குத்தி, டிவியிலிருந்து ரிசீவருக்கு எடுத்தேன். படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. ரிசீவர் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டர் வரை தூக்கிக்கொண்டு போனேன், 14 கிலோ. அங்கே இருந்த பையன் பிளேயரை நேராக ரிசீவரில் குத்தினான். பாடியது.

ஆகவே மாடிவீட்டுக்காரரே, பாட்டு டிவிடி பிளேயர் ரிசீவருக்குள், ரிசீவரிலிருந்து டிவிக்கு. மாற்றிச் செய்ய வேண்டாம். அந்த டிவிடிகளில் "5.1" என்று போட்டிருப்பதை அதிகம் நம்பவும் வேண்டாம். பழைய ஸ்டீரியோ பாட்டை எடுத்துப் பின்னால் எக்கோ மட்டும் சேர்த்தவை பல. ராஜாவின் எண்பதுகளின் பாட்டுக்கு நான் ரிசீவரை ஸ்டீரியோவுக்கு மாற்றிவிட்டு, இரண்டு ஸ்பீக்கர் மட்டும் வைத்துத்தான் கேட்கிறேன். அதில் வயலின் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும்.


ஆரோ_அபிமானி · திங்கள், மதியம் 12.15

இரண்டு கட்சிச் சண்டைக்கு நடுவில் மூன்றாவது கட்சியை மறந்துவிடாதீர்கள். பெல்ஜியத்தில் பிறந்த ஆரோ 3டி. 2013-இல் விஸ்வரூபம் வந்தது இதில்தான். மேல் ஸ்பீக்கரைக் கூரையில் மாட்டாமல் சுவரின் உச்சியில், காதிலிருந்து சுமார் 30 டிகிரி உயரத்தில் வைப்பது இதன் வழி. படங்கள் கிடைப்பது அரிது, உண்மை. ஆனால் ஸ்டீரியோ பாட்டை விரித்துக் கொடுப்பதில் இதற்கு இணையாக நான் எதையும் கேட்டதில்லை. எல்லா ரிசீவரிலும் இருக்காது, பார்த்து வாங்க வேண்டும்.


மாடிவீட்டுக்காரன் · திங்கள், இரவு 8.40

எல்லாம் புரிகிற மாதிரியும் இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். 5.1.2 என்றால் கூரையில் ஸ்பீக்கர். கூரை கான்கிரீட் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. உள்ளே ஃபேனுக்கும் நாலு லைட்டுக்கும் மட்டும்தான் பைப் விட்டிருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் போடுகிற எண்ணம் இல்லை (அம்மாவுக்குப் பிடிக்காது, பல்லி குடியேறும் என்கிறார்). ஸ்பீக்கர் மேலேயே வைத்து கூரையைப் பார்த்துப் பாடுகிற பெட்டி இருக்கிறதே, அது போதுமா?


ஈரோடு_மஞ்சள் · திங்கள், இரவு 8.55

நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேனுங்க. ஃபேன் ஓடாத டிசம்பர், ஜனவரியில் அற்புதம். ஏப்ரலில் ஃபேனை ஐந்தில் வைத்தால் மேலே போன சத்தம் றெக்கையில் வெட்டுப்பட்டு வருகிற மாதிரி ஒரு நடுக்கம். ஏசி போட்டு ஃபேனை நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. கூரை மட்டமாக, வெறும் கான்கிரீட்டாக இருக்க வேண்டும். ஓரத்தில் லைட் வைத்த பள்ளம் மேடு இருந்தால் போச்சு. உயரம் ஏழரை முதல் 12 அடிக்குள் நல்லது.


யாழ்_டொரண்டோ · திங்கள், இரவு 11.20

வணக்கம் அண்ணை. என்னுடையது கனடாவில், வீட்டின் பேஸ்மென்ட். கூரை ஏழடிதான். கூரையைப் பார்த்துப் பாடுகிற பெட்டி முதலில் வாங்கிச் சரிவரவில்லை, திருப்பிக் கொடுத்தேன். பிறகு கூரைக்குள்ளே இரண்டு பதித்தேன். தலைக்கும் அதற்கும் மூன்றரை அடிதான் இடைவெளி. மழைச் சத்தம் வந்தால் மழையாகத் தெரியவில்லை, "இந்த ஓட்டைக்குள்ளிருந்து வருகிறது" என்று விரலைக் காட்டலாம். ஒலியை அகலமாகப் பரப்புகிற வகைக்கு மாற்றின பிறகுதான் சரியானது. உங்களுக்குப் பத்தடி இருக்கிறது, கொடுத்து வைத்தவர்.


பித்தளைக்காது · செவ்வாய், காலை 9.05

கூரையை விடுங்கள். சுவர் இருக்கிறது, பூச்சும் இன்னும் ஆகவில்லை. டிவிச் சுவரிலேயே, இடது வலது ஸ்பீக்கருக்கு நேர் மேலே, ஒன்பதரை அடி உயரத்தில் இரண்டு சிறிய ஸ்பீக்கரைக் கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள். உட்கார்ந்த காது தரையிலிருந்து மூன்றரை அடி. மிச்சம் ஆறடி ஏற்றம், 11 அடி தூரம். கணக்குப் போட்டால் சுமார் 29 டிகிரி. ஆரோ அபிமானி சொன்ன 30 அதுவே. டால்பியும் முன் உயரம் என்று ரிசீவரில் தனியாக ஏற்றுக்கொள்கிற இடத்தை ஒட்டித்தான் வருகிறது. சரியாகத் தலைக்கு மேலே உள்ளதைப் போல இருக்காது. ஆனால் கூரையில் பட்டுத் திரும்புவதைவிட நிச்சயமானது, ஃபேன் தொந்தரவும் கிடையாது.

எலக்ட்ரீஷியனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்:

ரிசீவர் இருக்கும் இடத்திலிருந்து எல்லா பைப்பும் கிளம்ப வேண்டும். 25 மில்லிமீட்டர் பைப், திருப்பங்களில் சதுர முழங்கை வேண்டாம், வளைந்த பெண்ட். ஒவ்வொன்றிலும் ஒரு நைலான் கயிற்றை விட்டு இரண்டு முனையையும் கட்டி வைக்கச் சொல்லுங்கள், பின்னால் வயர் இழுக்க உதவும். கரண்ட் வயர் போகிற பைப்பில் ஸ்பீக்கர் வயர் போகவே கூடாது.

பக்க ஸ்பீக்கர் இரண்டுக்கும் பாயிண்ட்: காதுக்கு நேரிலிருந்து இரண்டடி பின்னால், அதாவது டிவிச் சுவரிலிருந்து 13 அடியில். உட்கார்ந்த காதைவிட ஓரடி மேலே போதும், கூரைக்குக் கீழே மாட்டிவிடாதீர்கள். அது நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, கண்ணுக்கு அழகு என்று. பக்க ஸ்பீக்கரை மேலே ஏற்றிவிட்டால் மேல் ஸ்பீக்கருக்கு என்ன வேலை?

முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் நடுவே எட்டடி. சப்புக்கு ஒரே பாயிண்ட் வைக்க வேண்டாம். முன் மூலை ஒன்று, பக்கச் சுவரின் நடு ஒன்று. எங்கே நன்றாக ஒலிக்கிறது என்று வைத்துப் பார்த்த பிறகுதான் தெரியும்.

அப்புறம் பின்சுவரின் உச்சியிலும் இரண்டு பைப். இன்றைக்கு வேண்டாம், பையன் வளர்ந்து கேட்பான்.


கருங்கல்_சுவர் · செவ்வாய், காலை 9.30

வயர் சுத்தத் தாமிரமா என்று சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியத்தின் மேல் தாமிரப் பூச்சு. சென்னை ரிச்சி தெருவில் நானே ஏமாந்திருக்கிறேன். 14 அல்லது 16 கேஜ் போதும்.


மட்டுறுத்துநர் · செவ்வாய், காலை 10.10

வயர் பற்றிய சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, நான்கு வருஷமாக ஓடுகிறது. இங்கே வேண்டாம்.


மாடிவீட்டுக்காரன் · புதன், இரவு 7.30

காடி வெட்டியாயிற்று. எலக்ட்ரீஷியன் நைலான் கயிற்றைப் பார்த்து, "இது யார் சார் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார். இதுவரை யாரும் கேட்டதில்லையாம். முன்னால் மூன்று, பக்கம் இரண்டு, முன் உயரம் இரண்டு, சப் இரண்டு, பின் உயரம் இரண்டு. மொத்தம் பதினொரு பைப். கொத்தனார் சுவரைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் பீடி பற்ற வைத்தார்.

முதலில் 5.1 மட்டும் வாங்குகிறேன், 7 சேனல் ரிசீவரோடு. நடு ஸ்பீக்கருக்குப் பணத்தைக் கொஞ்சம் அதிகம் ஒதுக்குகிறேன். மேலே இரண்டு தீபாவளிக்கு.


மாடிவீட்டுக்காரன் · ஐந்து மாதம் கழித்து, சனி, இரவு 11.50

இழையைத் தோண்டி எடுத்ததற்கு மன்னிக்கவும். பால் காய்ச்சி, குடிவந்து, எல்லாம் மாட்டியாயிற்று. தீபாவளிக்கு மேல் ஸ்பீக்கரும் வந்துவிட்டது. ஆனால் இரண்டு வெட்கக்கேடான விஷயங்களைச் சொல்ல வேண்டும், மற்றவர்களுக்குப் பயன்படும்.

ஒன்று. ஒரு மாதம் முழுக்க அட்மாஸ் கேட்டுக்கொண்டிருந்ததாக நினைத்தேன். வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். "மேலே கேட்குதா?" "கேட்குது, கேட்குது." போன வாரம்தான் ரிசீவரின் முகப்பைப் பார்த்தேன். உள்ளே வருவது பிசிஎம், ஸ்டீரியோ என்று இருந்தது. டிவியில் சவுண்ட் அவுட் பிசிஎம் என்றே கடையிலிருந்து வந்திருக்கிறது. ஸ்டீரியோவைத்தான் ரிசீவர் எல்லா ஸ்பீக்கருக்கும் விரித்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பாஸ்த்ரூ (வருவதை அப்படியே அனுப்புவது) என்று மாற்றினேன். மாற்றின பிறகும் 5.1 தான் வந்தது. நெட்ஃபிளிக்ஸில் மேல் திட்டம் எடுத்தால்தான் அட்மாஸ் திறக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. எடுத்தேன். முகப்பில் அந்த எழுத்து வந்தபோது இரவு ஒரு மணி, காட்டுவதற்கு ஆள் இல்லை.

வித்தியாசம் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் சோபாவை மூன்றரை அடி இழுத்தது கொடுத்த வித்தியாசம் இதைவிடப் பெரிது. அறை தயாரான முதல் நாள் வேண்டுமென்றே சுவரை ஒட்டிப் போட்டுக் கேட்டுவிட்டு, பிறகு இழுத்துப் போட்டேன். வீட்டம்மாவே, "இப்ப பேசுறது புரியுது" என்றார்.

இரண்டு. சப் ஓடும்போது கூரையிலிருந்து "கிர்ர்" என்று ஒரு சத்தம். மேல் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று பதறி இரண்டையும் கழற்றினேன். கழற்றிய பிறகும் கிர்ர். கைப்பேசியில் ஒற்றை ஸ்வரம் எழுப்புகிற செயலியைப் போட்டு 30 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போனேன். 38-இல் பிடித்துக்கொண்டது. பித்தளைக்காது சொன்ன அதே 38. ஏணி வைத்து ஏறி, மனைவி கீழே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஃபேன் கம்பியின் மேலே கூரையை மூடுகிற கிண்ணம். விரலை வைத்தால் நிற்கிறது, எடுத்தால் பாடுகிறது. குழாய்க்குப் போடுகிற ரப்பர் வாஷர் ஒன்றை வெட்டி உள்ளே சொருகினேன். போயே போய்விட்டது.


திண்டுக்கல்_பூட்டு · ஞாயிறு, காலை 6.15

தம்பி, மாமனார் கேட்டாரா?


மாடிவீட்டுக்காரன் · ஞாயிறு, காலை 8.02

கேட்டார். பழைய பாட்டு டிவிடி ஒன்றைப் போட்டேன், பிளேயரை நேராக ரிசீவரில் குத்தி. முகப்பில் டிடிஎஸ் என்று வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் படித்துப் பார்த்தார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.


ஈரோடு_மஞ்சள் · ஞாயிறு, காலை 8.20

அந்த ரப்பர் வாஷர் அரை இஞ்சா, முக்கால் இஞ்சா? எங்கள் வீட்டிலும் அதே கிர்ர் இருக்குங்க.